பானட்டுக்கு அடியில் பன்னிரண்டு வாஷர்

1. சிவப்புக்கோட்டில் வந்த வண்டி

ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு வெள்ளைக் கார் என் கடை வாசலில் வந்து நின்றது. என்ஜினை அணைத்த பிறகும் உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் இறங்கி, வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "பாய், டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்கோட்டுல நிக்கிது. கேஜ் கம்ப்ளெய்ன்டா இருக்குமோ?" என்று கேட்டார்.

கேஜில் கோளாறு இல்லை. அந்த வண்டியில் அது ஒன்றுதான் சரியாக வேலை செய்துகொண்டிருந்தது.

என் பெயர் காதர் மைதீன். திண்டுக்கல்லில் முப்பத்தோரு வருடம் ரேடியேட்டர் வேலையும் கார் ஏசி வேலையும் பார்த்தேன். முழங்கால் தேய்ந்துவிட்டதால் போன வருடம் கடையை மச்சானிடம் விட்டுவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்காக, நான் செய்த ஒரு தப்பை இங்கே எழுதுகிறேன். சரியாகச் செய்த வேலைகளும் நிறைய உண்டு. அவற்றைக் கேட்டு யாரும் எதையும் கற்றுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

வந்தவர் பெயர் முத்துப்பாண்டி. வயது முப்பத்து நான்கு. குஜிலியம்பாறைக்குப் பக்கத்துக் கிராமம். ஆட்டு வியாபாரி. அன்று அய்யலூர் சந்தைக்குப் போய்விட்டு நேராக என்னிடம் வந்திருந்தார். சந்தை நாளில் அய்யலூர் ரோட்டில் ஆடுதான் நகரும். வண்டி அதன் பின்னால் நகரும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் மணி நேரம் ஊர்ந்ததில் என்ஜின் கொதித்துவிட்டது.

"இந்தக் கார்லயா ஆடு ஏத்துறீங்க?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்கு மினி லாரி இருக்கு பாய். இது எனக்கு."

சூடு கொஞ்சம் தணிந்ததும் பானட்டைத் திறந்தேன். கம்பெனி வைத்துக் கொடுத்த டர்போ அங்கே இல்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. என்ஜினிலிருந்து வெளியேறுகிற புகையின் வேகத்தில் சுற்றி, என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புவது டர்போவின் வேலை. புகையில் சுற்றுவதால் அதுவும் அடுப்புக் கங்கு மாதிரி பழுக்கும். இந்த வண்டியில் அது என்ஜினுக்குப் பின்பக்கம், அதாவது உட்காருகிறவர்களின் காலுக்கு முன்னால் இருக்கிற தகரச் சுவரை ஒட்டி இருந்தது.

முன்பக்கம் பம்பருக்குள் ஒரு பெரிய இன்டர்கூலர். டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றை ஆறவைக்கிற பெட்டி அது. அதற்குப் பின்னால், ஏசி உறிஞ்சிய சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர். அதற்கும் பின்னால் ரேடியேட்டர். மூன்று பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள். குளிர்ந்த காற்று முழுவதையும் முதல் ஆள் வாங்கிக்கொண்டு, தன் சூட்டை மற்ற இரண்டு பேருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"யாரு பண்ணது இத?"

"கோயம்புத்தூர்ல ஒரு எடத்துல குடுத்துப் பண்ணேன். இப்ப நூத்தி எழுவது குதிரை பாய்."

"கம்பெனில வர்றப்ப?"

"நூத்திப் பத்து."

"மிச்சம் அறுவது குதிரைக்கும் தண்ணி காட்டுறது யாரு?"

முத்துப்பாண்டி யோசித்தார். "அத அவுங்க சொல்லல பாய்" என்றார்.

2. வாஷர்

மூன்று நாள் வண்டியை வைத்துக்கொண்டேன். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பழைய ஃபேனை எடுத்துவிட்டுக் காற்றை நன்றாக இழுக்கிற ஃபேன் ஒன்று போட்டேன். கூலன்ட் மாற்றினேன். இவ்வளவும் யாரும் செய்வது. அதற்குப் பிறகு என் சொந்த வித்தை ஒன்றைச் செய்தேன்.

பானட்டின் பின்பக்கம், கண்ணாடி ஓரமாக, இரண்டு கீல்கள் இருக்கும். ஒவ்வொரு கீலிலும் இரண்டு போல்ட். அந்த நான்கு போல்ட்டையும் தளர்த்தி, ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று தடித்த வாஷரைக் கொடுத்து முறுக்கினால், பானட்டின் பின்பக்கம் விரற்கடை உயரம் தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளி வழியாக என்ஜின் சூடு வெளியே போய்விடும். சோற்றுப்பானை மூடியைக் கொஞ்சம் விலக்கி வைப்பது போலத்தான். இதைப் பன்னிரண்டு வருடமாகச் செய்துவந்தேன். கொடைக்கானல் மலை ஏறுகிற வண்டிகளுக்கு என்றே வத்தலக்குண்டிலிருந்து ஆட்கள் இதற்காக என்னைத் தேடி வருவார்கள். கடையில் வாஷருக்குத் தனி டப்பா வைத்திருந்தேன்.

முத்துப்பாண்டியை அழைத்து, வண்டியை ஓடவிட்டு, கண்ணாடிக்குக் கீழே கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அனல் காற்று குபுகுபுவென்று வந்தது.

"இம்புட்டுச் சூடும் உள்ள கெடந்துச்சா?" என்றார்.

"உள்ள கெடந்துச்சு. இப்ப வெளிய போகுது."

அடுத்த வியாழக்கிழமை அய்யலூரிலிருந்து போன் செய்தார். சந்தைக்குள் ஒரு மணி நேரம் ஊர்ந்தும் முள் பாதியைத் தாண்டவில்லை என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. அன்று மத்தியானம் கடையை அரை மணி நேரம் முன்னதாகச் சாத்திவிட்டு வீட்டில் போய் பிரியாணி சாப்பிட்டேன்.

3. எட்டு டிகிரி

இரண்டு வாரம் கழித்து முத்துப்பாண்டி திரும்ப வந்தார். என்ஜின் சூடு இல்லை. ஏசி சரியில்லை என்றார்.

ஏசி வாயில் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தேன். எட்டு டிகிரி. வெளியே முப்பத்தாறு அடிக்கும்போது உள்ளே எட்டு டிகிரி வந்தால் அந்த ஏசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த எண்ணைக் காட்டி அனுப்பிவைத்தேன்.

பத்து நாளில் மறுபடி வந்தார். மறுபடியும் எட்டு. "ஓட்டுறப்ப சூடா வருது பாய். ஒரு மாதிரி வாடையும் வருது" என்றார். கேஸை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ஃபில்டர் மாற்றினேன். எட்டு ஏழரை ஆனது. இவருக்கு ஏசி என்றால் என்னவென்று தெரியவில்லை என்று மனதுக்குள் முடிவு செய்தேன். வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப ஒரே குறையைச் சொல்லும்போது ஒன்று அவர் பைத்தியம், அல்லது நாம் பைத்தியம். இரண்டாவதைச் சோதித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

மூன்றாவது தடவை அவர் தனியாக வரவில்லை. முன்சீட்டில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். பெயர் கருப்பணன். மானாவாரியில் சோளமும் துவரையும் போடுகிற விவசாயி. என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். தலையில் ஈரத்துண்டு போட்டிருந்தார். மடியில் ஒரு சின்ன ஃபிளாஸ்க். மூடியைத் திறந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார்.

"ஐஸு வேணாம்ணே, ஜில்லுனு தண்ணியே இருக்கு. குடிங்க" என்று பாட்டிலை நீட்டினேன்.

"குடிக்கக் கூடாது பாய்" என்றார்.

முத்துப்பாண்டிதான் விளக்கினார். அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டி வருகிறார். குடிக்கிற தண்ணீர் உடம்பைவிட்டு வெளியேறாது. அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் கணக்கு. காப்பி, மோர், குழம்பு எல்லாம் அந்த அரை லிட்டருக்குள் அடக்கம்.

"தாகம் எடுத்தா ஐஸு ஒண்ணு. கரைய செத்த நேரம் ஆகும்ல" என்றார் கருப்பணன். "வீட்டுல இருக்கையில சமாளிச்சுருவேன். வண்டில வாரப்பதான் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிருது."

அதுவரை நான் ஒரு காரின் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வர்ற செவ்வாய்க்கிழம நானும் உங்ககூட வாரேன்" என்றேன். "காலைல ஊருக்கே வந்துர்றேன். போற வழி, வர்ற வழி ரெண்டையும் பாத்துருவோம்."

4. ரயில்வே கேட்

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் குஜிலியம்பாறை போய் இறங்கினேன். கையில் நான்கு ஒயர் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. முதல் ஒயரைக் கண்டென்சருக்கு முன்னால் கட்டினேன். இரண்டாவதை என்ஜினுக்குப் பின்னால். மூன்றாவதை முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கறுப்புச் சல்லடையில். நான்காவதை ஏசி வாயில். பின்சீட்டில் உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்துக்கொண்டேன்.

காலை வெயில் ஏறவில்லை. எல்லா எண்ணும் நன்றாகவே இருந்தன. எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. டேஷ்போர்டில் டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று காட்டுகிற பூஸ்ட் கேஜ் ஒன்று மாட்டியிருந்தார். திண்டுக்கல் வரும்வரை அந்த முள் ஒரு தடவைகூட அசைந்து கொடுக்கவில்லை. முத்துப்பாண்டி ஐம்பத்தைந்தைத் தாண்டவே இல்லை. பள்ளம் வந்தால் இருபதுக்கு வந்துவிடுவார். அப்பாவின் இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏற்றுகிற இடம் இருக்கிறது, குலுங்கினால் வலிக்கும் என்றார். எங்களை இரண்டு டவுன் பஸ்ஸும் ஒரு டிராக்டரும் முந்திப் போயின.

ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் ஆனது. நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணிக்கு வெளியே வந்தார்கள். கருப்பணன் துவண்டிருந்தார். ரத்தத்தைச் சுத்தம் செய்து உடம்பிலிருந்து மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள், ஊருக்குப் போகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார் மகன்.

வண்டி கிளம்பியதும் கருப்பணன் கையை நீட்டி ஏசிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பட்டனைத் தட்டினார்.

"என்னண்ணே அமுக்குனீங்க?"

"வெளிக்காத்து பாய். உள்ள அடைச்சுக் கெடந்தா எனக்குக் கொமட்டும். எப்பவும் இப்படித்தான் வச்சுக்குவேன்."

கார் ஏசியில் இரண்டு விதம் உண்டு. வண்டிக்குள் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கலாம். அல்லது வெளிக்காற்றை இழுத்துக் குளிர வைக்கலாம். கடையில் நான் எப்போதும் முதல் முறையில் வைத்துத்தான் சோதிப்பேன். எண் நன்றாக வரும் என்பதுதான் காரணம்.

வெளிக்காற்று நுழைகிற இடம் எது என்பதை ஏசி வேலை பார்க்கிறவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற அந்தக் கறுப்புச் சல்லடைதான். நான் வாஷர் கொடுத்துத் தூக்கிய பானட்டின் இடைவெளியும் அதே இடத்தில்தான் திறக்கிறது. இரண்டுக்கும் நடுவே நாலு விரல் தூரம். இரண்டையும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடச் சேர்த்து யோசித்ததில்லை.

எரியோடு தாண்டிய பிறகு ஒரு ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. வெளியே முப்பத்தொன்பது டிகிரி. ஓடும்போது சல்லடையில் நாற்பத்தெட்டு, ஏசி வாயில் பதின்மூன்று இருந்தது. நின்ற ஒரு நிமிடத்தில் சல்லடை ஐம்பத்தைந்து ஆனது. மூன்றாவது நிமிடத்தில் அறுபத்திரண்டு. ஏசி வாயில் இருபத்தொன்று. சூடான இன்டர்கூலருக்குப் பின்னால் கண்டென்சரும் தாங்க முடியாமல் போக, ஏசி கம்ப்ரசர் தானாக நின்றுகொண்டது. இருபத்தாறு. முப்பது.

எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. மூன்று தடவை என்னை ஏமாற்றிய கோளாறு கையில் சிக்கிவிட்டது. நோட்டில் நேரமும் எண்ணும் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு என்று எழுதும்போது முன்சீட்டில் ஃபிளாஸ்க் உருண்டு விழுகிற சத்தம் கேட்டது.

கருப்பணனின் தலை கதவுப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அப்பா" என்றார் முத்துப்பாண்டி. பதில் இல்லை. "ஏப்பா."

கதவைத் திறந்து நானும் அவருமாகத் தூக்கினோம். "எடது கையப் பிடிக்காதீங்க பாய்" என்பது மட்டும்தான் அவர் சொன்னது. ரோட்டோரப் புளியமரத்து நிழலில் படுக்கவைத்தோம். ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டார். டயாலிசிஸ் முடிந்த உடம்பில் பிரஷர் இறங்கியிருக்கும், படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், உடனே திரும்பக் கூட்டி வாருங்கள் என்று அந்தம்மா சொன்னார்கள். நான் தரையில் உட்கார்ந்து கருப்பணனின் இரண்டு காலையும் என் தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். குதிகால் சில்லென்றிருந்தது. முத்துப்பாண்டி ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ரயில் போனது. கேட்டைத் திறந்தார்கள். பின்னால் நின்ற வண்டிகள் ஹார்ன் அடித்தன. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, எங்கள் காரை ஓரம் கட்டிவிட்டுப் போனார்.

மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ இருக்கும். கருப்பணன் கண்ணைத் திறந்து, தன் கால் என் தோளில் இருப்பதைப் பார்த்தார்.

"ஏலே, பாய் மேல காலு படுதுடா" என்றார் மகனிடம்.

5. கழற்றியது

உள்காற்றுப் பட்டனை நானே அழுத்திவிட்டு, சீட்டை முழுதாகச் சாய்த்து, திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தோம். பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. சாயங்காலம்வரை படுக்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். முத்துப்பாண்டி டாக்டரிடம் பேசப் போனபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இம்புட்டுச் சூடா வருதுன்னு மகன்கிட்ட ஏண்ணே நீங்க சொல்லல?" என்று கேட்டேன்.

கருப்பணன் வாசலில் மகன் இல்லை என்று பார்த்துக்கொண்டார். "என்னத்தச் சொல்லச் சொல்றீங்க. எனக்கு ஒடம்புக்கு வந்ததுலருந்து அவன் வியாபாரமும் பாதி, தூக்கமும் பாதி. அந்த வண்டியப் பத்திப் பேசுறப்ப மட்டுந்தான் மொகம் தெளிவா இருக்கு. அதுலயும் போயி நொட்டச் சொல்லுவாங்களா. லேசா வாடை வருதுடா, பாயிட்டக் காட்டுன்னேன். அம்புட்டுத்தான்."

நான் எழுந்து வெளியே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டியின் பானட்டைத் திறந்து, டூல் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, நான்கு போல்ட்டையும் தளர்த்தி வாஷர்களை ஒவ்வொன்றாக உருவினேன். பன்னிரண்டும் சரியாக இருந்தன. பானட் பழைய இடத்தில் உட்கார்ந்தது. முத்துப்பாண்டி வந்து பின்னால் நின்றார்.

"என்ன பாய் கழட்டுறீங்க?"

"நான் போட்டத."

நடந்ததைச் சொன்னேன். என்ஜினிலிருந்து வெளியே எடுத்த சூட்டை அவருடைய அப்பாவின் முகத்துக்கு நேராகக் குழாய் போட்டு அனுப்பியது என் வேலைதான் என்று சொன்னேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "நானும் ரெண்டு மாசமா பக்கத்துலதான் உக்காந்து ஓட்டுறேன் பாய். எனக்கே தெரியலயே" என்றார்.

6. குளிர்

வாஷரை எடுத்துவிட்டால் என்ஜின் மறுபடி கொதிக்கும். அதனால் இந்தத் தடவை மூடியை விலக்காமல் அடுப்பைக் கவனித்தேன்.

டர்போவின் மேல் சூடு தாங்குகிற கனமான உறை ஒன்றைப் போர்த்தினேன். அதிலிருந்து புகை இறங்குகிற டவுன்பைப்பைச் சூடு தாங்கும் நாடாவால் சுற்றினேன். சுற்றும் முன்பு அந்தப் பக்கம் எங்கேயும் ஆயில் கசிவு இல்லை என்று இரண்டு தடவை பார்த்தேன். நாடா ஆயிலைக் குடித்தால் திரியாகிவிடும். டர்போவுக்கும் தகரச் சுவருக்கும் நடுவே ஒட்டாமல் ஓர் அலுமினியத் தகடு நிறுத்தினேன். பானட்டின் பின் ஓரத்தில் சூடு கண்ணாடிப்பக்கம் ஏறாமல் தடுக்கிற ரப்பர் நைந்திருந்தது. அதைப் புதிதாகப் போட்டேன். என்ஜினுக்குக் கீழே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு, தரை தட்டுகிறது என்று கோயம்புத்தூரில் கழற்றப்பட்டிருந்தது. அதுதான் ரேடியேட்டர் வழியாக வந்த காற்றைக் கீழே இழுத்துப் போகும். அதைத் தேடிப் பிடித்து மாட்டினேன். ரேடியேட்டரைச் சுற்றி இருந்த சந்துகளை எல்லாம் தகடும் ஃபோமும் வைத்து அடைத்தேன். காற்று சோம்பேறி. சந்து கிடைத்தால் ரேடியேட்டருக்குள் நுழையாது.

மிச்சம் இருந்தது இன்டர்கூலர். அதைப் பற்றி வண்டிக்காரரிடம்தான் பேச வேண்டும்.

"இம்புட்டுப் பெரிய இன்டர்கூலர் கண்டென்சர மறைக்கிது" என்றேன். "சின்னதா ஒண்ணக் கீழ எறக்கி வச்சா ஏசிக்குக் காத்து கெடைக்கும். ஆனா பூஸ்டக் கொறைக்கணும். நாப்பது குதிரை போயிரும்."

முத்துப்பாண்டி குனிந்து இன்டர்கூலரைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழம பூரா நான் கேஜப் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். அந்த நாப்பதும் கொட்டடிய விட்டு வெளிய வரவே இல்ல. ஓட்டவே மாட்டேங்கிறீங்க, எதுக்கு வச்சிருக்கீங்க?"

"இருக்குன்னு இருக்கணும்ல பாய்" என்றார்.

அவர் மேலும் சொன்னார். கோயம்புத்தூரில் வேலை முடிந்து வண்டியை எடுத்த வாரம் ஒரே ஒரு தடவை அங்கே ரேஸ் மைதானத்தில் ஓட்டியிருக்கிறார். அடுத்த மாதமும் போவதாக இருந்தார். அதற்குள் அப்பாவின் கால் வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்றிலிருந்து வண்டிக்கு அய்யலூரும் திண்டுக்கல்லும் தவிர வேறு ஊர் தெரியாது.

பேசி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, "கழட்டிருங்க" என்றார். "பெரிச மட்டும் எங்கிட்டக் குடுங்க. வீட்டுல வச்சுக்கிறேன்."

பூஸ்டைக் குறைக்க அவரே கோயம்புத்தூர் போய்வந்தார். குறைக்கச் சொல்லி அங்கே இதுவரை யாரும் வந்ததில்லையாம். முதலில் கூட்டுவதற்கு என்று தப்பாக எழுதிக்கொண்டார்களாம்.

நாடா சுற்றிய டவுன்பைப் முதல் இருபது நிமிடம் புகையும். அது இயல்பு. அதைச் சுற்றுவட்டாரத்தில் சொல்லிவைக்காமல் கடை வாசலிலேயே என்ஜினை ஓடவிட்டதில், எதிர் ஒர்க்ஷாப்காரர் ஒரு வாளி மணலோடு ஓடி வந்தார். மணலைக் கொட்டுவதற்குள் பிடித்துவிட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி அதே பயணம், அதே ஒயர்கள். இந்தத் தடவை டிஸ்பிளேயை டேஷ்போர்டில் மாட்டிவிட்டு, கருப்பணனின் முகம் தெரிகிற மாதிரி பின்சீட்டில் குறுக்காக உட்கார்ந்துகொண்டேன். திரும்பும்போது மணி இரண்டு. வெளியே முப்பத்தெட்டு. கருப்பணன் வழக்கம்போல வெளிக்காற்றுப் பட்டனைத் தட்டினார். கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயிலுக்காக ஒன்பது நிமிடம் நின்றோம். சல்லடையில் நாற்பத்து மூன்று. ஏசி வாயில் பன்னிரண்டில் தொடங்கி பதினான்கில் நின்றது. என்ஜின் முள் பாதியிலேயே இருந்தது.

முத்துப்பாண்டி எண்களைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

கருப்பணன் தலைத்துண்டை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். "குளுருதுடா" என்றார். "செத்த கொறையேன்."

முத்துப்பாண்டி குறைத்தார். பிறகு கண்ணாடிப்பக்கம் திரும்பி ரயில் பெட்டிகளை எண்ணுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். நானும் என் பக்கத்து ஜன்னலைப் பார்த்தேன்.

7. போன் செய்தது

மறுநாள் காலை பழைய வேலை நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாஷர் போட்ட வண்டிகளில் நாற்பத்தாறு பேரின் நம்பர் கிடைத்தது. எல்லோருக்கும் போன் செய்து, வந்தால் கழற்றிவிடுகிறேன் என்றேன். பாதிப் பேர் வண்டியை விற்றிருந்தார்கள். சிலர், "நல்லாத்தான பாய் ஓடுது" என்றார்கள். ஒருவர், நான்கு வழிச்சாலையில் வேகமாகப் போகும்போது மட்டும் சூடு ஏறுகிறது, இத்தனை நாள் ரேடியேட்டரைச் சந்தேகப்பட்டு இரண்டு தடவை மாற்றிவிட்டேன் என்றார். வேகமாகப் போகையில் முன் கண்ணாடியில் மோதுகிற காற்று அந்த இடைவெளி வழியாக என்ஜின் பக்கம் புகுந்து, ரேடியேட்டர் காற்றை வெளியேற விடாமல் எதிர்த்து நிற்கும். அதையும் நான் அப்போதுதான் யோசித்தேன்.

வத்தலக்குண்டிலிருந்து ஓர் அம்மா பேசினார்கள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். "அப்ப அந்த வாடை இஞ்சின்லருந்து வர்றதா?" என்றார்கள். ஆமாம் என்றேன். "மூணு வருசமா எங்க வீட்டுக்காரரக் குளிச்சுட்டு வண்டில ஏறுங்கன்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். அன்று மத்தியானமே வண்டி வந்தது. அந்த வீட்டுக்காரர்தான் ஓட்டி வந்தார். என்னிடம் அதிகம் பேசவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டு விஷயம் உண்டு. முதலாவது, சூடு என்பது அழிவதில்லை. ஓர் இடத்தைவிட்டுக் கிளம்பினால் இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேரும். என்ஜினிலிருந்து சூட்டை வெளியேற்றிவிட்டேன் என்று வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன், அது எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் நான் பாதி வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, உங்கள் மீட்டருக்குப் பிடித்த மாதிரி வண்டியை வைத்துச் சோதிக்காதீர்கள். வண்டிக்குள் யார் உட்காருகிறார், எந்த சீட்டில், எந்த நேரத்தில், எந்தப் பட்டனை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று முதலில் கேளுங்கள். முடிந்தால் கூடவே ஒரு தடவை போய்வாருங்கள். போகும்போது எண்ணை எழுதுகிற வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, நீங்கள் ஆளைப் பாருங்கள்.